விக்கல்

சிப்காட் கேட்டில் தெய்வசிகாமணி
என் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறார்.
தீப்பெட்டி இல்லை. பாக்கெட் இல்லை.
அவர் முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம்:
வாங்கி வைத்து, விடிந்ததும் திருப்பித் தருகையில்
ஒன்றை உருவிக்கொள்வது பதினோரு வருஷ வழக்கம்.

இப்போது இருப்பது சூயிங்கம்.
நிகோடின், இரண்டு மில்லிகிராம், புதினா வாசம்.
தகட்டைப் பிதுக்கினால் டொக் என்று ஒரு சத்தம்.
அந்தச் சத்தத்துக்கே நாக்கு ஊற ஆரம்பித்துவிட்டது.

மென்னுகிட்டே இருக்காதீங்க, என்றார்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெஹானா.
நாலு கடி. சுருக்கென்று காரம் ஏறியதும்
கன்னத்தில் ஒதுக்கிடுங்க.
டீ குடிச்சா கால் மணி நேரம் பொறுக்கணும்.
டீயையும் தம்மையும் பிரிக்கச் சொல்கிறார்,
ஒரே வயிற்றில் பிறந்ததுகளை.

கண்ட்ரோல் ரூம். ராத்திரி இரண்டே கால்.
ரியாக்டர் மூன்றின் அழுத்தம்
திரையில் பச்சைக் கோடாய் ஊர்கிறது.
என் தலைக்குள்ளும் ஒரு கோடு.
சிகரெட் என்றால் அது செங்குத்து:
இழுத்த பத்தாவது விநாடி
மூளையில் யாரோ எல்லா விளக்கையும் போடுவார்கள்,
போட்ட கையோடு அணைப்பார்கள்.
இது சொட்டு வால்வு.
கோடையில் கெடிலத்துத் தண்ணீர் மாதிரி
வருகிறதா இல்லையா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.
வருகிறது.
கெமிஸ்ட் ஜெசிந்தா கேட்ட கேள்விக்கு
மனுஷன் மாதிரி பதில் சொல்கிறேன்.

ஆனால் விரல்கள்?
இந்த இரண்டுக்கும் யாரும்
மில்லிகிராம் எழுதித் தரவில்லை.
பேனாவை உருட்டுகின்றன.
லாக்புக் மேல் இல்லாத சாம்பலைத் தட்டுகின்றன.

மூன்று மணிக்கு அலாரம்.
ரியாக்டர் இல்லை, நான்.
அவசரத்தில் வெற்றிலை மாதிரி மென்றுவிட்டேன்.
விக்கல்.
இன்னொன்று. நிற்கவில்லை.
யாரோ நினைக்கிறாங்க சார், என்று சிரிக்கிறாள் ஜெசிந்தா.
யாரென்று எனக்குத் தெரியும்.
பச்சையாங்குப்பம் பெட்டிக்கடையில்
மிட்டாய் ஜாடிக்குப் பின்னால்
பத்துப் பேராய் நெருக்கிப் படுத்துக்கொண்டு
இந்நேரம் தூங்காமல்.

தண்ணீர் குடித்தேன். மூச்சை அடக்கி
இருபது எண்ணி விட்டேன்:
வெறும் தம்.

காலை ஆறு. கேட்டில்
பழக்க தோஷத்தில் உள்ளங்கை நீள்கிறது.
ஒரு சூயிங்கத்தை வைத்தேன்.
மெல்லாதீங்கண்ணே, ஒதுக்கி வைங்க, என்றேன்.
அதற்குள் மென்றுகொண்டிருந்தார்,
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
பெட்டிக்கடை திறக்கிற சத்தத்தைப் பார்த்தபடி.