வினைமுற்று

ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்
அறிவிப்புப் பலகை எரிந்தது, பிப்ரவரியில்.
டெங்கி எச்சரிக்கை, மின்தூக்கி பழுது பார்க்கும் தேதி,
காணாமல் போன பூனையின் படம்.
பூனை போலீஸ் குறிப்பில் இல்லை.
பையன் சொன்னான்.

பதினைந்து வயது, உயர்நிலை மூன்று.
என் மேசையில் நான்கு மணி நேரம்
எண்களைப் பின்னோக்கிச் சொன்னான், கட்டை அடுக்கினான்.
காட்டிய கோலத்தைச் செய்யாமல்
ஒரு புளோக் கட்டினான்.
"இதுல எங்க வீடு எத்தனாவது மாடி, சொல்லுங்க?"
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
விதிப்படி அதற்கு மதிப்பெண் சுழியம்.

முதல் அறிக்கை இளையர் நீதிமன்றத்துக்கு.
அங்கே கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார்கள்.
அதனால் கடைசிப் பக்கத்தை முதலில் எழுதினேன்.
சம்பவத்தை மறுப்பதாக எழுதிவிட்டு
கோப்பி ஆறும்வரை அந்த வரியையே பார்த்தேன்.
அவன் மறுக்கவில்லை. "தெரியலை" என்றான்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு விடுதியின் இரும்புக்கதவு இருக்கலாம்.
அழித்தேன். சொன்னதைச் சொன்னபடி மேற்கோளுக்குள் வைத்தேன்.
மேற்பார்வையாளர் திருவாட்டி கோ
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: எப்படித் தெரியும்?
இருபத்திரண்டு பக்கத்தில் ஒன்பது இடத்தில்.

தமிழில் ஓர் 'ஆம்' போதும்.
தீ வைத்தானாம். பூனையைத் தேடினானாம்.
யார் சொன்னது என்ற பாரமெல்லாம்
அந்த வாலில் தொங்கிக்கொள்ளும்.
ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும்
ஒரு பெயர், ஒரு தேதி, ஓர் அடிக்குறிப்பு.

இரண்டாவது பள்ளிக்கு. இரண்டே பக்கம்.
ஆலோசகர் நோராஷிக்கினுக்குத்
தீயைப் பற்றிக் கவலையில்லை, திங்கட்கிழமையைப் பற்றித்தான்:
எந்த வரிசையில் உட்காரவைப்பது,
பலகையைப் பார்த்து எழுத எவ்வளவு நேரம் விடுவது.
செயல்சார் நினைவாற்றல் குறைவு என்பதை அடித்துவிட்டு,
மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால்
மூன்றாவதுதான் நிற்கும் என்று எழுதினேன்.
'எனக்கும் அப்படித்தான்' என்று பதில் வந்தது.

மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.
கட்டணப் பட்டியலில் அதற்கு இடமும் இல்லை.
புனிதமலர், சாங்கி விமான நிலையத்தில் இரவு வேலை,
அறிக்கையை எடை பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு
"நல்லதா எழுதியிருக்கீங்களா, கெட்டதாவா?" என்றார்.
தமிழில் ஒரு பக்கம் தருகிறேன் என்று
வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் சொல்லிலேயே முட்டியது.
அவரா, அவனா?
'அவர்' என்றால் நீதிமன்ற வாடை.
'அவன்' என்றால், அந்த உரிமை எனக்கு ஏது?
பெயரைப் போட்டுத் தப்பிக்கலாம் என்றால்
வினைமுற்று விடுவதாயில்லை:
அடுக்கினான், அடுக்கினார்.
நூறு பேரை வரிசையில் நிறுத்தி ஒப்பிடாதீர்கள்
என்று ஒரு வரி எழுதி, அதையும் அடித்தேன்.
நிறுத்தியவளே நான்தானே.

விடியும் நேரத்தில் நான்காம் வேற்றுமை கைகொடுத்தது.
யுகேந்திரனுக்குக் கட்டடங்கள் பிடிக்கும்.
யுகேந்திரனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும்.
யுகேந்திரனுக்குத் தெரியவில்லை.
நான்காவதாக, அந்தக் கட்டைப் புளோக்கையும்
அதன்முன் கேட்ட கேள்வியையும் சேர்த்தேன்.
வேறெந்தப் பிரதியிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

வேலை முடிந்து பேருந்திலிருந்து அழைத்தார்.
பின்னால் கதவு மூடும் மணி.
"எத்தனாவது மாடின்னு நீங்க சொன்னீங்க?"

குறிப்பேட்டைப் புரட்டினேன்.
அந்த இடத்தில் என் கையெழுத்தில்
'நேரம் முடிந்தது' என்று மட்டும்.

பதினொன்றாவது மாடி.
ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும்
முகவரியில் இருந்தது.
நான்தான் தட்டச்சு செய்திருந்தேன்.