கொஞ்சம் திரும்பட்டும்

மணலி விரைவுச்சாலையில்
கன்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம்
என் டீ தம்ளருக்குள் ஒரு வட்டம் விரிகிறது.
ஐப்பசிக்குள் கூரை ஏறியாக வேண்டிய குடோன்.
பதினாலாம் வரிசை, ஒன்பது மீட்டர் உத்தரம்.
நான் வரைந்து அனுப்பியது
இரண்டு ஆங்கிள் துண்டு, பக்கத்துக்கு மூன்று போல்ட்.
மேலும் கீழும் இடைவெளி.
அது விட்ட இடைவெளி,
விட்டுப்போன இடைவெளி அல்ல.

தேசப்பன் அதை அடைத்துவிட்டிருந்தார்.
மேலே ஒரு பட்டைத் தகடு, கீழே ஒன்று,
சுற்றிலும் வெல்டு.
வஞ்சிரத்தின் செதில்போல்
ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த வெல்டு.
எண்ணூர் வரைக்கும் இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

"வெறும் போல்ட்ல தொங்குது மேடம்.
பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு.
கீழ பசங்க நிக்கிறானுங்க.
ராடுகூட கம்பெனிய கேக்கல,
நானே வாங்கியாந்து போட்டேன்."

வலு வேறு, விறைப்பு வேறு.
சொல்ல வாயெடுத்தேன். பாடப்புத்தகம்போல் ஒலித்தது.
நிறுத்திக்கொண்டேன்.

மூட்டை ஏறினால் உத்தரம் நடுவில் தாழும்.
தாழ்ந்தால் நுனி திரும்பும்.
திரும்ப விட்டால்
எடையை மட்டும் தூணிடம் கொடுத்துவிட்டுச் சும்மா கிடக்கும்.
பிடித்து வைத்தால்
தூணையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும்.
உத்தரம் வந்து முட்டுவதோ தூணின் இடுப்பில்,
ஏழரை மில்லிமீட்டர் தகட்டில்.
ஏழரை என்று அளவு வைத்தவன்
தெரிந்தேதான் வைத்திருக்க வேண்டும்.
வெல்டு விடாது. தகடு விடும்.
மேளத் தோல்போல் உள்ளே போய் வெளியே வந்து
போய் வந்து,
ஒரு நாள், ஓர் ஓரத்தில், மயிரிழை.

விறைத்து நிற்பவரிடம்தான் பாரம் வந்து சேரும்.
வளைந்து கொடுப்பவரை விட்டு
விலகிப் போய்விடும்.
இது கல்லூரியில் படித்ததல்ல.
அப்பா போன வாரம்
தண்டையார்பேட்டை வீட்டில் நாங்கள் நான்கு பேர்.
மூன்று பேர் அழுதார்கள்.
ஆஸ்பத்திரி பில், மயானத்துச் சீட்டு,
சாமியானாக்காரரின் பாக்கி,
எல்லாம் விசாரித்து விசாரித்து
அழாதவளிடம் வந்தன.

"வெட்டி எடுத்துருங்க" என்றேன்.

"வலுவா போட்டது தப்பா?"

பதில் இருந்தது. பதினெட்டுப் பக்கக் கணக்கில் இருந்தது.
அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லும் அளவுக்குச்
சின்னதாக இல்லை.

கிரைண்டரை எடுக்கப் போன மஸ்தானை
அவர் தோளைத் தொட்டு நகர்த்தினார்.
"என் வெல்டு. நானே எடுக்கறேன்."
பொறி, மணலிக் காற்றின் நாற்றத்தையும் மீறிய
கருகல் வாசம், இரண்டு மணி நேரம்.
கடைசி விரல்கடை அறுபடும்போது
டங்.
குடோன் முழுக்கக் கேட்டது.
கம்பி கட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.
உத்தரம் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்து நின்றது.
இன்னும் ஒரு மூட்டைகூட ஏறவில்லை.
ஆறிய வெல்டு இழுத்த இழுப்பிலேயே
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறது
இத்தனை நாளும்.

தேசப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.
"இப்ப எத்தினி டன் தாங்கும்?"
"கணக்குல போட்டது அத்தனையும்."
"அப்ப நான் போட்டது?"
லாரி ஒன்று கடந்தது. இருவரும் காத்திருந்தோம்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
கம்ப்யூட்டரில் மூட்டுக்கு நான் அமுக்குவது இரண்டே பொத்தான்:
தடையில்லாமல் திரும்பும், அல்லது திரும்பவே திரும்பாது.
உலகத்தில் எந்த மூட்டும் இந்த இரண்டுமில்லை.
இந்த ஆறு போல்ட்டும் கொஞ்சம் பிடிக்கும்,
கொஞ்சம் விடும்.
எவ்வளவு என்று கேட்டால்
நானும் லாரி கடக்கும்வரை காத்திருப்பேன்.

சாயங்காலம் பில் புத்தகத்தில்
'ராடு இரண்டு பாக்கெட், கூலி ஒரு நாள்,
தேசப்பனுக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எந்த வேலைக்கு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
ஆபீஸில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.