எட்டடிக்கு ஆறடி

போர்ட்டோவில் ஒந்தினாவின் பின்முற்றம்
எட்டடிக்கு ஆறடி.
துணிக்கொடியைக் கழித்தால் இன்னும் குறைவு.
வெயில் பதினொன்றேகாலுக்கு இறங்கும்,
ஒன்றரைக்கெல்லாம் மதிலேறிப் போய்விடும்.

மகனை வைத்துத் தள்ளிய பழைய வண்டியில்
இப்போது நாலு தக்காளித் தொட்டி.
வெயில் நகர நகர
அவளும் நகர்த்துகிறாள்,
ஒரு கையில் காபி.
இடது சக்கரம் கீச்சிடும்.

பக்கத்து வீட்டு பெல்மீரோவோடு பேச்சில்லை,
சாக்கடைக் குழாய்த் தகராறு, ஏழு வருஷம்.
மார்ச்சில் அவர் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்,
அவள் பக்கமும் சேர்த்து.
ஏனென்று இவள் கேட்கவில்லை.
வெள்ளையில் பட்டுத் திரும்பியது
இன்னுமோர் அரைமணி வெளிச்சம்.

ஆகஸ்டில்
மதில்மேல் மூன்று பழம் வைத்தாள்.
மாலையில் காணோம்.
பூனை தக்காளி தின்னாது.

மறுநாள் அதே இடத்தில்
ஒரு சின்னப் புட்டி:
தையல் மெஷின் எண்ணெய்.