நீர்மட்டம்

வெள்ளை பனியனில் ஊசிமுனை ஓட்டையை
மூன்றடி தள்ளியிருந்தே பிடிப்பவள் நான்.
அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அப்பால் போடுவேன்.
பதினோரு வருசம், அனுப்பர்பாளையத்துக் கம்பெனியில்.
மாசியில் ஒரு பண்டல் திரும்பி வந்தது.
"கண்ணை எங்கம்மிணி வெச்சிருந்தே?"
சூப்பர்வைசர் சென்னியப்பன் கேட்டது வாஸ்தவம்தான்.

குனிந்து எழுந்தால் கரண்ட் போய் வந்தது
எனக்கு மட்டும்.
ஐந்து எண்ணுவதற்குள் டியூப்லைட் மறுபடி எரியும்.
நிஜமாகவே கரண்ட் போன ஒரு மதியம்
நாற்பது மோட்டாரும் ஓய்ந்த பின்னும்
ஒன்று நிற்கவில்லை, வலது காதுக்குள்.
நாடி பிடித்துப் பார்த்தேன், அதே தாளம்.
பித்தம், எலுமிச்சை தேய் என்றாள் அமலோற்பவம்.

கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு
பவர் எழுதவில்லை,
கோயமுத்தூருக்குச் சீட்டு எழுதினார்.

அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில்
கட்டி இல்லை, அடைப்பு இல்லை, படம் சுத்தம்.
ஒருக்களித்துச் சுருண்டு படுக்கச் சொல்லி
முதுகுத்தண்டில் மதகு திறந்தார்கள்.
குழாயில் ஏறியது தெளிந்த நீர்,
முப்பத்திநாலு சென்டிமீட்டர்.
இருபத்தைந்தே அதிகமாம்.
பவானிசாகருக்கு அடிக்கணக்கு பேப்பரில் வரும்,
ஏறினால் நீலகிரியில் மழை என்று அர்த்தம்.
"எனக்கு எங்கீங்க டாக்டர் பெஞ்சுது?"
"தெரியலைங்க" என்றார், கூச்சமில்லாமல்.
அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நம்பினேன்.

காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு மாத்திரை.
விரல்நுனியில் எறும்பு ஊர்கிறது,
துணியின் வழவழப்பு ஒரு கையுறைக்கு அப்பால்.
பன்னீர் சோடா தகரத்தை நக்கின மாதிரி.
எட்டு கிலோ இறக்கணும் என்றதற்கு
நூல் குடோன் தராசில், கோன் மூட்டைகளுக்கு நடுவே,
சனிக்கிழமை ஏறி நிற்கிறேன்.
லோடுமேன் குழந்தைவேலு குறித்து வைக்கிறான்
பில் புக்கின் பின்னட்டையில்:
எழுபத்தொன்பது. எழுபத்தெட்டரை. எழுபத்தொன்பது.
என் முன்னால் சிரிப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருதரம்
இருட்டுக் கிண்ணத்துக்குள் முகம்.
புள்ளி வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்தணும்.
வந்த வெளிச்சமா, வரட்டும் என்று நான் நினைத்ததா,
சிலசமயம் தெரியாமலே அழுத்திவிடுகிறேன்.
அதற்கும் ஒரு நம்பர் போட்டு வருகிறது, கீழே.
காகிதத்தில் இடது ஓரம் கறுப்பு.
போன தடவை இருந்த அளவேதான்.
நல்லது என்கிறார்.

ஓட்டைக்கு ஊசி, கறைக்கு எண்ணெய் என்று
எழுதியே பழகின கை.
இந்தப் பீஸில் அம்பு ஒட்டும் இடம் தெரிகிறது,
காரணக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.
பஸ் நிற்கிறது.
ஒரு மணிக்குள் போய்விட்டால்
அரை நாள் சம்பளம் உண்டு.