பொருளடைவு

முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பக்கம்.
செடிகள் மனிதரை எப்படி ஆட்டிவைத்தன என்று
யாரும் வாசிக்கும்படி எழுதிய புத்தகம்.
எனக்கு வந்தது கடைசி வேலை:
எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று
அகர வரிசையில் அடுக்கித் தருவது.
பக்கத்துக்கு ஒன்பது ரூபாய்.

பெரம்பூர், இரண்டாம் மாடி.
மின்விசிறியில் தாள்கள் பறக்காமலிருக்க
ஒரு தேங்காய், ஒரு உப்பு ஜாடி.
(தேங்காய், 88–97. உப்பு செடியல்ல.)

அவுரி, 41. நீலத்துக்காக நெல்லை இழந்தவர்கள்.
கரும்பு, 112. காண்க: கப்பல். காண்க: சவுக்கு.
சவுக்கு இரண்டு பதிவானது.
ஒன்று மரம், ஒன்று முதுகில் விழுவது.
பிரம்பு, 230.
எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறதாம்;
நான் பார்த்த ஒரே பிரம்பு
கணக்கு டீச்சர் கையில் இருந்தது.
மிளகைத் தேடி வந்தவர்கள் போய்விட்டார்கள்.
அவர்களோடு வந்த மிளகாய் போகவேயில்லை.

ஆறாம் நாள்
கீழே அம்சவேணியின் வண்டி.
கயிற்றில் கூடையை இறக்கினேன்.
அரைக் கிலோ கத்தரி,
மேலே, கேட்காமலே, ஒரு கொத்து.
"கறிவேப்பில வெல ஏறிப்போச்சுக்கா,
ஒனக்கோசரம் போட்றேன்."

பாதி தூரம் இழுத்த கூடையோடு நின்றுவிட்டேன்.
க வரிசையில் அது இல்லை.
கஞ்சாவுக்கு நான்கு பக்கம் இருக்கிறது.
கடுகு இருக்கிறது.
அன்று இரவு முதல் தாளிலிருந்து தேடினேன்.
ஒரு வரியில்கூட இல்லை.

நியாயம்தான்.
அதற்காக யாரும் கப்பல் விட்டதில்லை,
கோட்டை கட்டியதில்லை.
எண்ணெயில் ஒரு நொடி சடசடத்துவிட்டுத்
தட்டோரம் ஒதுங்கும்.
காரியம் முடிந்ததும் கழற்றிவிடப்பட்டவர்கள்
தங்களைச் சொல்லிக்கொள்ள
அதன் பெயரைத்தான் எடுக்கிறார்கள்.
அதற்காவது அரைப் பக்கம் தந்திருக்கலாம்.

புத்தகத்தில் இல்லாததை
அடைவில் சேர்க்கக் கூடாது.
இருபத்திரண்டு வருஷத்தில் சேர்த்ததில்லை.
சேர்த்தேன்.
கறிவேப்பிலை, ஒரு காற்புள்ளி,
பிறகு வெற்றிடம்.

பதிப்பாளர் தேவசித்தம் கூப்பிட்டுத் திட்டுவார் என்று
இரண்டு வாரம் போனைத் தூரமாக வைக்கவில்லை.
பணம்தான் வந்தது, பிடித்தம் போக.

ஜனவரி. நந்தனம்.
ஒலிபெருக்கியில் வாசிப்பின் அவசியம் பற்றி யாரோ.
ஒரு கையில் டெல்லி அப்பளம்,
மறு கையால் புத்தகத்தைப்
பின்பக்கத்திலிருந்து திறந்தேன்,
என் வழக்கம்.
கஞ்சா. கடுகு. கரும்பு.
கறிவேப்பிலை, 399.

399?
முன்னால் புரட்டப் போனவள்
கீழ் மூலையில் எண்ணைப் பார்த்தேன்.
நான் நின்றுகொண்டிருந்ததே அந்தப் பக்கம்.

ராயப்பேட்டையில் ஜீனத் என்று ஒரு பெண்
பக்கம் வடிவமைக்கிறாள், பார்த்ததில்லை.
வெற்றிடத்தைக் கண்டு தேடியிருப்பாள்.
நான் தேடியது போலவே, முதலிலிருந்து.
தேடி,
புத்தகம் முழுவதிலும் அந்தச் சொல் வருகிற
ஒரே இடத்தைக்
கணக்காகக் குறித்திருக்கிறாள்.

பத்து சதவீதக் கழிவு போக ஐந்நூற்று நாற்பது.
"வேற காப்பி தரட்டுமா மேடம்,
இதுல எண்ணெய் பட்டிருக்கு" என்றான் பையன்.
வேண்டாம், இதுவே, என்றேன்.