புளியங்குளத்துக்கு ரிக்கற்

எனக்கு வராத எழுத்து ஒன்றுதான்.
வன்னியிலோ பாதி அதில்தான் தொடங்குகிறது:
குளம், காடு, குரங்கு, கச்சான்,
என் ஊர் கனகராயன்குளம்,
என் பெயர் கோசலா.

முகாமில் பதிந்த நாள் எனக்கு ஐந்து வயது.
மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேர் கேட்டார்.
தொண்டைக்குள் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன்.
அண்ணா சொன்னான்.
அன்றைக்குத் தொடங்கியவன்
ஆஸ்பத்திரியில், வங்கியில், ரீலோட் போடும் கடையில்
பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

மாங்குளத்தில், ஒலுமடு வீதியில்,
பழைய நெல் களஞ்சியத்தைச் சுற்றி வலையடித்து
நாய்களை வைத்திருக்கிறார்கள்.
சம்பளமில்லை, மத்தியானச் சோறு உண்டு.
நாயோடு கதைக்கத் தேவையில்லை என்றுதான் போனேன்.
அங்கேயும் பேர் வைக்கச் சொன்னார்கள்.
பிட்டு, இடியப்பம், தோசை, வடை, சம்பல்.
"உனக்கென்ன பிள்ளை, எந்த நேரமும் பசியோ?"
மரியநேசம் அக்கா சிரித்தா.
கொழுக்கட்டை ஏன் இல்லை என்று
ஒருவரும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு லொறிக்காரர்
உரப்பையில் சுற்றி ஒரு நாயைக் கொண்டுவந்தார்.
றெயில் அடித்த கால் தோலில் தொங்கியது.
"ரெண்டு வருசமா என்ர லொறியிலதான் திரிஞ்சது.
பேர் கறுவல். வேற பேருக்குத் திரும்பாது."
முகத்தைத் துடைத்துக்கொண்டு லொறியைத் திருப்பினார்.

காலை எடுத்து நாலாம் நாள் கட்டு அவிழ்ந்தது.
தண்ணீர்த் தாங்கிக்கு அடியில் போய் ஒளித்துக்கொண்டது.
அக்கா வவுனியாவுக்குப் போயிருந்தா.
ஒரு கையில் மருந்தும் பஞ்சும்,
மறு கையில் மாரி பிஸ்கற்.
"வாடா" என்றேன். "ராசா" என்றேன்.
இருட்டுக்குள் இரண்டு கண், ஓர் உறுமல்.
ஈக்கள் என்னைவிடத் துணிவாய் உள்ளே போய்வந்தன.

குப்புறப் படுத்தேன்.
சீமெந்து கன்னத்தில் சுட்டது.

க்
க் க்
க

ஒரு காது நிமிர்ந்தது.
மிச்சத்தை நான் தேடிக்கொண்டிருக்கையிலேயே
வயிறு உரச வெளியே வந்து
என் முழங்கையில் நாடியை வைத்தது.
பாதிப் பேர் போதுமாயிருந்தது அதற்கு.
புழு எடுத்து, கழுவி, பஞ்சு வைத்து,
கடைசி முடிச்சுப் போடும்போது
சொல்லி முடித்தேன்:
றுவல்.

பிறகெல்லாம் சரியாகிவிட்டதென்று எழுத ஆசைதான்.
போன் அடித்தால் இன்னும் வயிறு குளிர்கிறது.
"காப்பகம்" என்று தொடங்கவேண்டும்,
நான் "ஓம், சொல்லுங்கோ" என்கிறேன்.
முறிகண்டியில் மாடு அடிபட்டுக் கிடக்குது என்பவர்
என் திக்கலைக் கேட்கிற நிலையில் இல்லை.
எந்தப் பக்கம் கிடக்குது, மூச்சிருக்கா,
வீதியில் போகிற வாகனத்தை மறியுங்கோ.
மறிக்கிறார்கள்.
நான் சொன்னதற்கு.

கறுவல் திரும்பும்போது விழுகிறது.
எழும்பி, விழாததுபோல் வேறெங்கோ பார்க்கிறது.
நானும் வேறெங்கோ பார்க்கிறேன்.

ஒன்றைச் சொல்லவில்லை.
அண்ணா ஏற்ற வராத பின்னேரங்களில்
பஸ்ஸில் நான் எடுப்பது
புளியங்குளத்துக்கு ரிக்கற்.
என் ஊருக்கு அடுத்தது. வாய்க்கு லேசு. காசு கூட.
எடுத்துவிட்டு என் ஊரில் இறங்கிவிடுவேன்.

இன்றைக்கு, வரவேண்டாம் என்று
அண்ணாவுக்கு நானே மெசேஜ் போட்டேன்.
கொண்டக்டர் "எங்க?" என்றார்.
க்
பின்சீற்றில் ஓர் அம்மா, "கிளிநொச்சியோ பிள்ளை?"
பஸ் போவது எதிர்த்திசைக்கு.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
கொண்டக்டர் கம்பியில் சாய்ந்து நின்றார்.
ஒரு பாலம் போனது, ஒரு காவலரண் போனது.

கனகராயன்குளம்.

மிச்சம் முப்பது ரூபா தந்தார்.
ஒரு மாரி பக்கற்றுக்குக் காணாது.
இன்னும் நாலைந்து நாள்
சொல்லவேண்டும்.