நான்காவது கல்

உன் மேல் வழக்கில்லை, அக்தோஷ்.

நாரின் மருத்துவமனை, இரண்டாம் மாடி.
வலக்கையைத் தலைக்கு மேல் போட்டுப் படுத்திருக்கிறேன்.
விலாவில் குளிர்ந்த பசை.
டாக்டர் எகெம்பெர்தி திரையை என் பக்கம் திருப்புகிறார்.
ஈரலுக்குள் ஒரு வட்டம்,
கூடாரத்தில் மல்லாந்தபடி பார்க்கும்
நிலவில்லாத இரவின் புகைத்துளை.

"ஏழு சென்டிமீட்டர்.
ஆறேழு வருஷமாக வளர்ந்திருக்கும்."

நீ குட்டியாக வந்தது எப்போது என்று
விரல்விட்டு எண்ணினேன்.
பாதியில் விட்டுவிட்டேன்.
உனக்கு முன்னும் ஒரு நாய் இருந்தது,
அதற்கு முன்னும்.

மைத்துனன் கச்கினுக்கு வெட்டித்தான் எடுத்தார்கள்.
சுற்றிலும் உப்புநீரில் நனைத்த துணி அடைத்து
ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுக்க வேண்டுமாம்.
ஒரு சொட்டுச் சிந்தியது.
மூன்று வருஷத்தில் வயிறு முழுக்கத் திராட்சை.
திராட்சை என்றுதான் சொன்னான்,
சந்தையில் வாங்கி வந்தவன் மாதிரி.
மறுபடி வெட்டினார்கள்.
பிழைத்துக்கொண்டான். குதிரை ஏறுவதில்லை.

எனக்கு ஊசி.
ஒரு வாரம் மாத்திரை விழுங்கிய பிறகு.
உடம்பு சினந்துகொண்டால் மூச்சடைக்கும் என்று
இன்னொரு டாக்டர் தலைமாட்டில் காவல்.
திரையில் ஒரு வெள்ளைக் கீறலாக அது நுழைவதை
நானே பார்த்தேன்.

சீழ் வரும், ரத்தம் வரும் என்றிருந்தேன்.
வந்தது சுனைநீர்.
பனி உருகும் மாதத்தில்
நீயும் நானும் அருகருகே குனிந்து குடிப்போமே,
அதே தெளிவு.

பிறகு உப்புநீரை உள்ளே விட்டார்.
கால்மணி நேரம் அசையக்கூடாது.
கறுப்புக்குள் ஒரு வெள்ளைத்தோல்
சுவரை விட்டுப் பிரிந்து
மடங்கி, அலைந்து, மிதந்தது.
"ஆம்பல்" என்றார் டாக்டர்.
"அப்படித்தான் சொல்வோம். நல்ல குறி."

நான் ஆம்பல் பார்த்ததில்லை.
எங்கள் ஏரிக்கரையில் ஜூனிலும் உறைபனி.
முதன்முதலாகக் கண்ட ஆம்பல்
என் ஈரலில் செத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கால்மணி நேரமும் உப்பை நினைத்தேன்.
ஆடுகளுக்குப் பாறைமேல் வைக்கும் கட்டி,
நக்கி நக்கி நடுவில் குழி விழுந்தது.
தின்ற உப்புக்கு நீ துரோகம் செய்யவில்லை.
நான் போட்டதைத்தானே தின்றாய்.
இலை உதிரும் பருவம், கிடாய் அறுத்த நாள்,
ஈரலில் வெள்ளைக் கொப்புளங்கள்.
நமக்கு ஆகாது என்று வீசினேன்,
நீ அந்தரத்திலேயே கவ்வினாய்,
மகள் கைதட்டினாள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
உன் பிடரி மயிரில் கை புதைத்துக் குளிர்காய்ந்தேன்.
அதே கையால் ரொட்டி பிட்டேன்.
அவளுக்கும் ஊட்டினேன்.

மீண்டும் உறிஞ்சினார். ஊசியை எடுத்தார்.
ஒரு பொட்டளவு பிளாஸ்திரி.
கச்கின் அதைப் பார்த்துச் சிரித்தான்,
பிறகு வேறெங்கோ பார்த்தான்.

இப்போது மாதம் ஒருமுறை
வெண்ணெய் உருண்டைக்குள் உனக்கும் மாத்திரை.
வெண்ணெயை நக்கிவிட்டு மாத்திரையைத் துப்புகிறாய்.
மறுபடி உருட்டுகிறேன்.
வெள்ளிக்கிழமை மகளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகிறேன்.
உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒரு கிடாய் அறுத்தோம்.
ஈரலைத் தொடையளவு குழியில் போட்டு
மண் தள்ளி, மேலே மூன்று கல்.
நீ குழியருகே உட்கார்ந்து
என்ன குற்றம் செய்தேன் என்பதுபோல்
என்னையே பார்த்தாய்.

வலப்பக்கம் இன்னும் சுருக்கென்று இழுக்கிறது.
குனிந்து
நான்காவது கல்லையும் வைத்தேன்.